அகராதி பிடித்தவனிடம் கேட்டவை: 'ரன்' முதல் 'பெட்ரிக்கோர்' வரை

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பர் படிப்போம். போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அம்மாக்கள், ரிட்டயர் ஆன இரண்டு பேர். அகராதியைப் புரட்டும் வேலை என்னுடையது. ஆகவே 'அகராதி பிடித்தவன்' என்ற பட்டம் இரண்டு அர்த்தத்திலும் எனக்கு ஒட்டிக்கொண்டது. அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ரன்"னா ஓடுறது. எல்.கே.ஜி. பிள்ளைக்கே தெரியும். இதை எதுக்கு சார் டிக்ஷனரியில பாக்கணும்?

இந்தக் கேள்வி வந்த அன்று, படித்துக்கொண்டிருந்த பேப்பரிலேயே 'ரன்' வரும் இடங்களை வட்டம் போட்டோம். ஒரு பெண்மணி மெஸ் 'ரன்' பண்ணுகிறார். அமெரிக்காவில் ஒருவர் தேர்தலில் 'ரன்' பண்ணுகிறார். ஒரு அறிக்கை முந்நூறு பக்கத்துக்கு 'ரன்' ஆகிறது. சர்க்கரை நோய் ஒரு குடும்பத்தில் 'ரன்' ஆகிறது. இவர்களில் ஒருவர்கூட ஓடவில்லை. சரி, விளையாட்டுப் பக்கத்திலாவது ஓடுவார்கள் என்று பார்த்தால், அங்கே ஒருவர் பவுண்டரி அடித்து, ஓட வேண்டிய அவசியமே இல்லாமல் நாலு ரன் எடுத்திருக்கிறார்.

பெரிய சொல்லைக் கண்டால் எல்லோரும் அகராதியை எடுக்கிறார்கள். சின்னச் சொல்லைத் தெரிந்ததாக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். நான் பார்த்தவரை, வாக்கியம் புரியாமல் போவதற்குப் பாதிக்கு மேல் காரணம் அந்தச் சின்னச் சொற்கள்தான். கெட், செட், டேக், புட், ரன். இவற்றை ஒரு தடவையாவது அகராதியில் முழுசாகப் படியுங்கள்.

1, 2, 3-னு நம்பர் போட்டிருக்கே, முதல்ல இருக்கறதுதானே சரியான அர்த்தம்?

அது எந்த அகராதி என்பதைப் பொறுத்தது. மொழி கற்கிறவர்களுக்காகச் செய்த அகராதிகளில், இன்று அதிகம் புழங்கும் பொருள் பெரும்பாலும் முதலில் வரும். ஆக்ஸ்ஃபோர்டின் இருபது தொகுதி பெரிய அகராதியும் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டரும் அப்படி இல்லை. வரலாற்றில் எந்தப் பொருள் முதலில் வந்ததோ அதற்கு முதல் இடம்.

'நைஸ்' என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியில் பார்த்தால் தொடக்கத்திலேயே 'முட்டாள்தனமான' என்று இருக்கும். 'அறியாத' என்ற பொருளுள்ள லத்தீன் 'நெஸ்கியுஸ்' பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. பிறகு கூச்சம் உள்ள, நுட்பம் பார்க்கிற என்று ஒவ்வொரு படியாக நகர்ந்து, இப்போது 'நல்ல' என்று நிற்கிறது. 'சில்லி' இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 'ஆசி பெற்ற' என்பதில் கிளம்பி 'அசட்டுத்தனமான' என்பதில் இறங்கிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. பழைய பாட்டில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

ஆகவே நம்பரைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு பொருளின் கீழும் இருக்கிற உதாரண வாக்கியத்தைப் பார்த்து, உங்கள் வாக்கியத்துக்கு எது உறவுக்காரர் என்று தேடுங்கள்.

வினைச்சொல்லுக்குப் பக்கத்துல 'ட்ரான்ஸிட்டிவ்', 'இன்ட்ரான்ஸிட்டிவ்'னு இருக்கு. அதை விட்டுட்டுப் படிச்சா என்ன ஆகும்?

'ரன்' விஷயத்தில் எல்லாமே குழம்பும். 'அவர் ஓடுகிறார்', 'அவர் பஸ் ஓட்டுகிறார்' என்ற இரண்டு தமிழ் வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தானாக நடந்தால் 'ஓடு', இன்னொன்றை நடக்க வைத்தால் 'ஓட்டு'. ஆடு – ஆட்டு, உருகு – உருக்கு, நட – நடத்து என்று தமிழில் சொல்லே உருவம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலீஷில் பெரும்பாலும் அந்த உதவி கிடையாது. மோட்டார் ஓடினாலும் 'ரன்', மோட்டாரை ஓட்டினாலும் 'ரன்', கடை நடத்தினாலும் அதே 'ரன்'.

அந்த வித்தியாசத்தைத்தான் அகராதி அந்தக் குறிப்பில் சொல்கிறது. பின்னால் 'எதை?' என்று கேட்டால் பதில் வருகிறதா பாருங்கள். வந்தால் ஓட்டு, நடத்து, இயக்கு என்ற பக்கம் போங்கள். வராவிட்டால் ஓடு, ஒழுகு, நீள் என்ற பக்கம். இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பக்கம் கழிந்துவிடும்.

ரன் அவுட், ரன் இன்டூ, ரன் ஓவர்… இதெல்லாம் எங்கே தேடுறது? தனியா இல்லையே?

இருக்கிறது. முதன்மைச் சொல்லின் விளக்கமெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரு பட்டியலாக வரும். பொறுமை இழந்து பாதியில் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம், அவ்வளவுதான்.

'ரன் அவுட்' என்பதைக் கிரிக்கெட்டில் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம். வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனாலும் 'ரன் அவுட்'தான். 'ரன் இன்டூ' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது. சுவரோடு சேர்ந்து வந்தால் மோதுவது. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிடுவது. மீட்டிங்கைப் பற்றிச் சொன்னால் நேரத்தைத் தாண்டுவது. 'ரன் அப் எ பில்' என்றால் கடையில் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது.

கூட ஒட்டும் சின்னச் சொல் பொருளையே மாற்றுவது ஏதோ இங்கிலீஷ்காரர்களின் வம்பு என்று நினைக்க வேண்டாம். 'ஓடி வந்தாள்', 'ஓடிப்போனாள்' இரண்டையும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள்.

இங்கிலீஷ்லயே அதிக அர்த்தம் இருக்கற சொல் எது? ஜி.கே. புக்ல 'செட்'னு போட்டிருக்கு.

அந்தப் புத்தகம் பழையது, தப்பு என்று சொல்ல முடியாது. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைச்சொல்தான். அதற்கு நானூற்றுச் சொச்சம் பொருள்கள் கொடுத்திருந்தார்கள். பிறகு அகராதியை அடிப்படையிலிருந்தே திருத்தத் தொடங்கியபோது, 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருள்களோடு முந்திக்கொண்டது. இது 2011 வாக்கில் செய்தியானது. அந்த ஒரு சொல்லைத் திருத்திய ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்ததாம்.

எண்ணிக்கை அகராதிக்கு அகராதி மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவர் ஒரே பொருளாகப் பார்ப்பதை இன்னொருவர் நாலாகப் பிரிப்பார். தேர்வில் கேட்டால் எந்தப் பதில் எழுதுவது என்று என்னைக் கேட்காதீர்கள். கேள்வித்தாள் போட்டவர் எந்தப் புத்தகம் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தது அது.

ஒரு சொல்லுக்கு 645 அர்த்தம் எப்படி வரும்? யாரோ உட்கார்ந்து உண்டாக்கினதா?

யாரும் உண்டாக்கவில்லை, ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மனிதனும் மிருகமும் ஓடுகின்றன. தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் ஓடினால் மூக்கும் ஒழுகும், துணிச் சாயமும் ஒழுகும், இரண்டுக்கும் 'ரன்'. நீளமாகப் போகிறதெல்லாம் ஓடுகிறது: ரோடு, வேலி, வாக்கியம். பிறகு நீராவி எஞ்சினும் தொழிற்சாலைகளும் வந்தன. நின்ற இடத்திலேயே இருக்கிற இயந்திரமும் 'ரன்' ஆகத் தொடங்கியது. எண்ணிக்கை பெருத்ததற்கு அந்த இயந்திர யுகம் ஒரு பெரிய காரணம். கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராமும் ரன் ஆகிறது.

அகராதிக்காரர்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதிக்கான வேலையை லண்டன் மொழியியல் சங்கம் 1857-ல் தொடங்கியது. பொதுமக்கள் புத்தகம் படித்து, ஒரு சொல் வந்த வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, புத்தகத்தின் பெயரும் ஆண்டும் போட்டு அனுப்புவார்கள். லட்சக்கணக்கில் சீட்டு வந்தது. ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, மாடங்களில் அவற்றை அடுக்கிப் பிரித்தார். முதல் பகுதி 1884-ல் வெளிவந்தது. கடைசிப் பகுதி வந்தது 1928-ல்; மர்ரே 1915-லேயே இறந்துவிட்டார். அந்த அகராதியில் ஒரு பொருளுக்கு நம்பர் கிடைக்கிறது என்றால், யாரோ ஒருவர் அந்தப் பொருளில் உண்மையாகவே எழுதியிருக்கிறார், அதற்குச் சாட்சி இருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ் அர்த்தம் போட்ட டிக்ஷனரி போதாதா?

ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் அது 'ஓடு, இயங்கு, நடத்து, ஒழுகு' என்று நாலு சொல்லை அடுக்கிவிட்டுப் போய்விடும். எது எங்கே என்று சொல்லாது. முதல் கேள்வியில் வந்த தேர்தல்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி 'தேர்தலுக்காக ஓடுகிறார்' என்று எழுதினான். அமெரிக்கர் தேர்தலில் ஓடுவார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' பண்ணுவார், நம்மவரும் நிற்பார்.

ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றும், உதாரண வாக்கியத்தோடு எளிய இங்கிலீஷில் விளக்கும் கற்போர் அகராதி ஒன்றும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் இலவசமாகக் கிடைப்பதே போதும்.

சசி தரூர் மாதிரி பேசணும்னா எந்தெந்த சொல் படிக்கணும்?

2017-ல் அவர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று எழுதியதும் நாடே அகராதியைப் புரட்டியது. 2018-ல் 29 எழுத்தில் 'ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்' என்று ஒன்றை விட்டார். ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்குவது என்பதே அதன் பொருள். லத்தீனில் 'அற்பம்' என்ற பொருளுள்ள நாலு சொற்களை விளையாட்டாகக் கோத்துச் செய்தது. 'ஃபராகோ'வைத்தான் எனக்குப் பிடிக்கும். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். கண்டதையும் கலந்த குப்பை என்று இங்கிலீஷில் வசவாக மாறியது.

இந்த வகையில் இன்னொன்று, 'டிஃபெனஸ்ட்ரேஷன்'. ஒருவரை ஜன்னல் வழியே தூக்கி எறிவதற்கு ஒரு தனிச்சொல்! 1618-ல் பிராக் நகரத்தில் அரசரின் பிரதிநிதிகளை அப்படித்தான் எறிந்தார்கள். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் ஐரோப்பாவில் முப்பது வருடப் போர் தொடங்கியது. இப்படிப்பட்ட சொற்களைச் சுவைக்காகப் படியுங்கள். இன்டர்வியூவில் பயன்படுத்தினால் வேலை கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

மிக நீளமான இங்கிலீஷ் சொல் ஒரு நோயோட பேராமே?

45 எழுத்துள்ள அது, நியூமோனோ–அல்ட்ரா–மைக்ரோஸ்கோபிக்–சிலிக்கோ–வால்கனோ–கோனியோசிஸ். நடுவில் கோடு போட்டது உங்கள் மூச்சுக்காக. எரிமலைத் தூசி நுரையீரலில் படிவதால் வருவதாம். டாக்டர்கள் கண்டுபிடித்த பெயர் இல்லை. அமெரிக்காவின் புதிர் விரும்பிகள் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித் 1935-ல் வேண்டுமென்றே நீளமாகக் கட்டியது. தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்மையில் இருக்கிறது, அதற்கு டாக்டர்கள் 'சிலிக்கோசிஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பெட்ரிக்கோர்னு ஒரு சொல் ஸ்டேட்டஸ்ல எல்லாரும் போடறாங்களே, அது என்ன?

மண்வாசனை. முதல் மழை விழுந்ததும் வருமே, அதேதான். 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைக்காக உண்டாக்கிய சொல். கிரேக்கத்தில் 'பெட்ரா' கல். 'இக்கோர்' தேவர்களின் நரம்பில் ஓடும் திரவம். காய்ந்த காலத்தில் செடிகள் விடும் எண்ணெய் மண்ணிலும் கல்லிலும் ஊறிக் கிடந்து, மழை பட்டதும் கிளம்புகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

இங்கிலீஷில் அபூர்வச் சொல், நம்மிடம் பாட்டி சொல்லும் சொல். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இந்த வாசனையைச் சுட்ட மண்ணிலிருந்து வடித்து அத்தராகவே விற்கிறார்கள். ஸ்டேட்டஸில் மண்வாசனை என்றே போடுங்களேன்.

செரண்டிபிட்டி இலங்கையில இருந்து வந்த சொல்லா?

இலங்கையின் பெயரிலிருந்து வந்தது, ஆனால் இலங்கையில் பிறக்கவில்லை. 'சரந்தீப்' என்பது அரபிகளும் பாரசீகரும் அந்தத் தீவுக்கு வைத்திருந்த பெயர். சரந்தீபின் மூன்று இளவரசர்கள் தேடாத ஒன்றைத் தற்செயலாலும் கூர்மையாலும் கண்டுபிடித்துக்கொண்டே போகும் பாரசீகக் கதை ஒன்று ஐரோப்பாவில் பரவியிருந்தது. அதை நினைத்து இங்கிலாந்தின் ஹோரஸ் வால்போல் 1754 ஜனவரி 28-ஆம் தேதி ஒரு கடிதத்தில் இந்தச் சொல்லை உருவாக்கினார். ஒரு சொல்லுக்குப் பிறந்த தேதியே தெரிவது அபூர்வம்.

அப்போ 'ஒன்று'ல இருந்துதான் 'ஒன்' வந்துச்சுன்னு வாட்ஸப்ல வர்றது உண்மையா?

இல்லை. நாலாபுறமும் முறைக்கிறார்கள் என்று தெரியும், ஆனாலும் இல்லை. பழைய இங்கிலீஷில் அது 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வழி தெளிவாகத் தெரிகிறது. இன்றைய ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது. முன்னே சொன்ன துண்டுச் சீட்டு முறையில், எந்த ஆண்டு, எந்த வடிவம் என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தும் தேறுகிற தமிழ்ச் சொற்கள் உண்டு. கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. ஆனால் இன்று அந்தப் பெயரில் வெளிநாட்டில் ஓடுவது இரட்டை உடல் படகு, நம் மீனவர் மரங்களைக் கட்டிச் செய்ததில்லை. சுருட்டு 'ஷெரூட்', மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' சூப், அணைக்கட்டு 'அனிகட்'. 'பரையா' என்ற சொல்லும் தமிழிலிருந்து போனதுதான். ஒரு சமூகத்தின் பெயரை 'ஒதுக்கப்பட்டவர்' என்று ஆக்கிக்கொண்டார்கள். அகராதியில் இருப்பதாலேயே எழுதலாம் என்று ஆகாது, நான் எழுதுவதில்லை. இப்படி இந்தியாவிலிருந்து போன சொற்களுக்கென்றே யூல், பர்னெல் இருவரும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி 1886-ல் வந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

'பிரிபோன்' தப்புன்னு மிஸ் அடிச்சுட்டாங்க. டிக்ஷனரியில இருக்கே?

இருக்கிறது, இந்திய வழக்கு என்ற குறிப்போடு. கூட்டத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வதற்கு 'போஸ்ட்போன்' என்பதன் எதிர்ப்பதமாக நம் நாட்டில் புழங்கி, அகராதிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அகராதி பதிவேடு மாதிரி. எது புழங்குகிறது என்று எழுதும், எங்கே பேசினால் புரியும் என்பதைக் குறிப்பில் சொல்லும். சென்னை ஆபீஸுக்குத் தாராளமாக எழுதலாம். லண்டனுக்கு எழுதும்போது வேறு விதமாகச் சொல்லுங்கள். மிஸ்ஸிடம் வாதாட வேண்டாம், மார்க் அவர் கையில்.

டிக்ஷனரியிலயே தப்பு இருக்குமா?

இருந்திருக்கிறது. 1934-ல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்று ஒரு சொல், பொருள் 'அடர்த்தி'. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்திக்குச் சுருக்கமாகப் பெரிய டி அல்லது சின்ன டி போடலாம் என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தார்கள். அந்த 'அல்லது'வையும் இரண்டு டி-யையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-ல்தான் ஒருவர் கவனித்தார்.

ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பதிப்பில் இதற்கு நேர்மாறான விபத்து. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் காணாமல் போய், சொல்லே அச்சேறவில்லை. 1933-ன் இணைப்பில்தான் சேர்த்தார்கள். வேண்டுமென்றே போட்ட பொய்யும் உண்டு. 2001-ல் ஓர் அமெரிக்க ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'எஸ்குவிவேலியன்ஸ்' என்று, 'கடமையைத் தட்டிக்கழித்தல்' என்ற பொருளோடு ஒரு கற்பனைச் சொல்லை நுழைத்தார்கள். யார் காப்பியடிக்கிறார்கள் என்று பிடிப்பதற்கான பொறி. ஆகவே முக்கியமான இடத்தில் இரண்டு அகராதி பாருங்கள்.

லோன் 'சாங்ஷன்' ஆச்சுன்னா சந்தோஷம். ஒரு நாட்டு மேல 'சாங்ஷன்' போட்டா தடை. ஒரே சொல் எப்படி ரெண்டு பக்கமும் பேசும்?

எங்கள் குழுவில் வந்த நல்ல கேள்விகளில் இது ஒன்று. லத்தீன் மூலத்தில் அது சட்டத்தை உறுதிசெய்யும் ஆணை. ஆணை அனுமதியும் தரும், மீறினால் தண்டனையும் தரும். ஒரு கிளை பேங்குக்குப் போனது, இன்னொரு கிளை ஐ.நா. சபைக்குப் போனது. 'டஸ்ட்' என்பதும் இப்படித்தான்: மேஜையில் தூசியைத் தட்டுவதும் அதுவே, கேக் மேல் சர்க்கரைப் பொடி தூவுவதும் அதுவே. பேப்பரில் பார்க்கும்போது ஒருமையா பன்மையா என்று கவனியுங்கள். 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடைதான்.

சரி, நம்ம 'ஓடு'வுக்கு எத்தனை அர்த்தம்?

ஒரு சனிக்கிழமை முழுக்க இதற்கே போனது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். பையன் ஓடுகிறான், படம் நூறு நாள் ஓடியது, மீட்டர் ஓடுகிறது, தூக்கம் ஓடிவிட்டது, கடை சுமாராக ஓடுகிறது, அந்தப் பாட்டு மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இருபதைத் தாண்டியதும் சண்டை வந்தது. கூரை ஓடும் நண்டு ஓடும் இதில் சேருமா? சேராது. அது வேறு சொல், உருவம் மட்டும் ஒன்று. அகராதி அதற்குத் தனித் தலைப்புக் கொடுக்கும். 'அவரோடு' என்பதில் வரும் ஓடு மூன்றாவது, அது வேற்றுமை உருபு. 'ஓட்டாண்டி' எதில் சேரும் என்று ரிட்டயர்டு தபால்காரர் கேட்டார். கையில் பிச்சை ஓடு ஏந்திய ஆண்டி, ஆகவே இரண்டாவதில்.

அதற்குள் ஒரு தங்கச்சி, 'ஓட்டு'வுக்கு வண்டி ஓட்டுவது, ஒருத்தரை ஓட்டுவது, எலெக்ஷனில் போடுவது என்று மூன்று எழுதிவிட்டாள். கடைசியாகச் சொன்னது இங்கிலீஷ் 'வோட்'டிலிருந்து வந்ததால் தனித் தலைப்பு. நடுவில் இருக்கிற கிண்டலுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்பதில் இன்னும் இரண்டு கட்சியாக இருக்கிறோம்.